மூன்றாவது கிலோவாட் தேவையா?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்த வீடு, கீழே அவர்கள், மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வாக்கில் ஓடி 3,800 ரூபாய் பில் வருகிறது. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட 2 லட்சம் கேட்கிறார்களாம். மானியம் 78,000 போக மிச்சப் பணம் ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும் என்கிறார்களாம். போடலாமா? கரண்ட் போனால் அது ஓடுமா? ஈ.பி. இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது, அது தடையா?

போடலாம். ஆனால் மூன்று வேண்டாம், இரண்டு போதும் என்பது என் கட்சி.

நான் காட்பாடியில் வயரிங் வேலை பார்க்கிறவன். பத்து வருஷமாக வேலையில் பாதி மொட்டை மாடியில்தான். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981இலேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். வெயில் எங்களை விட்டுப் போனதே இல்லை. அதனால்தான் இங்கே யாரைக் கேட்டாலும் 'வெயிலுக்கா பஞ்சம், பெருசாவே போட்டுடு' என்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் சோலாரில் லாப நட்டத்தை முடிவு செய்வது நம் கரண்ட் பில்லில் இருக்கிற படிக்கட்டு.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் சலுகை விலையில் இரண்டே கால் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகையும் போகும், தாண்டின யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல் போகும். 700 யூனிட்காரரின் பில்லில் கனமெல்லாம் உச்சியில் இருக்கிற அந்தக் கடைசி 200 யூனிட்டில்தான் இருக்கிறது. சோலார் வெட்டுவதும் உச்சியிலிருந்துதான்.

நம் பக்கத்தில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும். தூசி, மேகம், சூடு எல்லாம் கழித்து இரண்டு மாதத்துக்கு 215 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கிலோவாட் போட்டால் உங்கள் 700 யூனிட் 485 ஆகும். 500-க்குள் வந்துவிட்டீர்கள். பில் சுமார் 1,700. ஒரு கிலோவாட்டிலேயே 2,100 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் போட்டால் 270 யூனிட், பில் 560 வாக்கில். அது மிச்சப்படுத்தியது 1,100 சொச்சம். மூன்றாவதையும் போட்டால் 55 யூனிட், பில் பூஜ்யம். ஆனால் மூன்றாவது கிலோவாட் சம்பாதித்தது வெறும் 560 ரூபாய். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வேலையை அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகவும் சலுகையிலும் கொடுக்கிற யூனிட்டைத் தின்பதிலேயே செலவழிக்கிறது.

இதைப் பணமாகப் பாருங்கள். 3 கிலோவாட்டுக்கு 2 லட்சம் சொன்னவரிடம் 2 கிலோவாட்டுக்குக் கேட்டால் 1,45,000 பக்கம் சொல்வார். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யகர் திட்டத்தில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 தான். ஆக 2 கிலோவாட் உங்கள் கையிலிருந்து 85,000. வருஷத்துக்கு 19,000-க்கு மேல் மிச்சமாகும், நாலரை வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குத் தனியாக 37,000. அது வருஷத்துக்குக் கொடுப்பது 3,400 அளவு. பதினொரு வருஷம் ஆகும். 'ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும்' என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் ஐந்தே கால் வருஷம்தான் வருகிறது. நல்ல மாம்பழம் இரண்டோடு ஒரு காயையும் சேர்த்து நிறுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மிச்ச யூனிட்டை ஈ.பி.க்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நெட் மீட்டரில் நீங்கள் வெளியே அனுப்பியதை, உள்ளே வாங்கியதில் கழிப்பார்கள். அந்தக் கழிவில்தான் நமக்கு முழு விலை. கழித்தும் மிஞ்சுவதற்கு நாம் கட்டுகிற விலை கிடைக்காது.

ஒரு இடத்தில் மட்டும் நான் கட்சி மாறுவேன். அடுத்த கோடைக்குள் ஏ.சி. வாங்குகிற எண்ணம் இருக்கிறதா? பேட்டரி ஸ்கூட்டர் வருகிறதா? ஒரு ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினாலே இரண்டு மாதத்தில் 400, 500 யூனிட் ஏறும். அப்போது அந்த மூன்றாவது கிலோவாட் எட்டு, ஒன்பது ரூபாய் யூனிட்டை வெட்டும், கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு மனசாக இருந்தால் ஒரு வழி உண்டு. பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றுகிற சோலார் இன்வெர்ட்டரை 3 கிலோவாட்டாக வாங்குங்கள், இரும்புச் சட்டத்தை ஆறு பேனலுக்கு அடித்து வையுங்கள், பேனலை நாலு மட்டும் ஏற்றுங்கள். பிறகு சேர்ப்பதாக இருந்தால் அதே மாடலா, மானியம் எப்படி, கூடுதல் பேனலுக்கு மறுபடி அனுமதி வேண்டுமா என்பதையெல்லாம் முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.

குடியாத்தம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தறி ஓடுகிறதா? விசைத்தறி இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவசம், 2023இலிருந்து. சோலாரைக் கொண்டுபோய் அந்த மீட்டரில் மாட்டினால் இலவசத்தை வெட்டுவதற்கு லட்சம் செலவு செய்த கதை ஆகும். மாடிக் குடித்தனத்துக்கும் தனி மீட்டர் இருக்கும். ஒரு சோலார் ஒரு சர்வீஸ் நம்பரின் பில்லைத்தான் கழிக்கும். மாடி உங்களுடையது என்பதற்காக மாடிக்காரர் பில் குறையாது. எந்த மீட்டர் அதிகம் ஓடுகிறதோ அதில் மாட்டுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, கரண்ட் போனால் ஓடுமா என்பது. ஓடாது. இதைச் சொல்லாமல் விற்கிறவர்களால் எனக்கு வந்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. அணைக்கட்டு பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக்குச் சின்ன ரிப்பேருக்குப் போயிருந்தேன், சோலாரைப் போட்டது வேறு ஆள். அன்றைக்குத் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. உச்சி வெயில் மாடியில் கொளுத்துகிறது, கீழே ஃபேன் ஓடவில்லை. பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டே கேட்டார்: "இன்னா தம்பி, வெயிலுக்குத்தான் அவ்ளோ துட்டு குடுத்துகிறனே, வெயிலு அங்கதான இருக்குது?"

நான் தெருவில் கம்பத்தைக் காட்டினேன். லைன்மேன் மேலே ஏறி, வெறுங்கையால் கம்பியைப் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார். "உங்க மாடியில இருந்து கரண்டு அந்தக் கம்பிக்குப் போனா இன்னாவும்னு பாருங்க." பெரியவர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கிரிட்டோடு, அதாவது ஈ.பி. லைனோடு, சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், வெளிக் கரண்ட் போன நொடியிலேயே தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. வெளியிலிருந்து வருகிற வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் பார்த்துத்தான் அது தன் தாளத்தைப் பிடிக்கிறது. தாளம் நின்றால் பாட்டும் நிற்கும். கரண்ட் திரும்பி வந்த பிறகும் சில நிமிஷம் பொறுத்துப் பார்த்துத்தான் மறுபடி தொடங்கும். வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் இதே கதைதான்.

பேட்டரியோடு வருகிற ஹைப்ரிட் வகை கரண்ட் போனாலும் ஓடும். ஆனால் விலை எகிறும், சில வருஷத்தில் பேட்டரி மாற்றும் செலவும் வரும். வேலூர் ஜில்லாவில் இப்போது போகிற கரண்ட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பேன். வீட்டில் ஏற்கெனவே டியூபுலர் பேட்டரி போட்ட யூ.பி.எஸ். இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். நாலு லைட், மூன்று ஃபேனுக்கு அது போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சோலார் வயர் யூ.பி.எஸ்.ஸின் அவுட்புட் பக்கம் சேரக்கூடாது. சேர்ந்தால் சோலார் இன்வெர்ட்டர் யூ.பி.எஸ்.ஸை ஈ.பி. என்று நம்பி ஓட ஆரம்பிக்கும். இரண்டில் ஒன்று புகையும். மெயின் போர்டில், யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னாலேயே சேர வேண்டும்.

நிழலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் வீட்டுக்கு நான் போட்டது ஒரு சித்திரை மாதம். மாடியின் தென்புறத்தில் மாடிப்படிக் கூண்டு, அதன் மேல் தண்ணீர் டேங்க். காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்தேன், நிழல் பேனல் பக்கமே வரவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் அப்படியே போல்ட்டை முறுக்கிவிட்டேன். கார்த்திகை பிறந்ததும், போனில் சோலார் உற்பத்தியைக் காட்டுகிற ஆப்பில் கோடு காலை பத்து மணி வரை படுத்தே கிடக்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தால் டேங்கின் நிழல் வட்டமாக இரண்டாவது பேனலின் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான். நம் ஊர் அட்சரேகை 13 டிகிரிக்கு ஒரு துளி குறைவு. சித்திரை 10, 11 வாக்கில் ஒரு தடவை, ஆவணி பிறக்கும்போது ஒரு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இரண்டுக்கும் நடுவில், அக்னி நட்சத்திரம் உட்பட, மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். அப்போது தெற்கே இருக்கிற டேங்கின் நிழல் பேனலுக்கு எதிர்ப்பக்கம் விழும். மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். அப்போது பேனல் மட்டத்துக்கு மேலே எட்டு அடி நிற்கிற டேங்க், நடுப்பகலில் ஆறு அடிக்கும் காலை ஒன்பது மணிக்குப் பதின்மூன்று அடிக்கும் நிழல் போடும். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த ஒன்று மட்டும் போவதில்லை, கோர்வை முழுக்க அடி வாங்கும். பேனலுக்குள் நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்ட்டை அனுப்புகிற பைபாஸ் டயோடு இருக்கிறது, கொஞ்சம் காப்பாற்றும், முழுசாகக் காப்பாற்றாது. தென்னை ஓலை நிழல் என்றால் ஆடிக்கொண்டே இருக்கும், இன்னும் தொல்லை. பக்கத்து மனை காலியாக இருந்தால் அவர் நாளைக்கு மாடி கட்டுவார் என்றே வைத்துக்கொண்டு இடம் பாருங்கள். நான் கடைசியில் டேங்கைத்தான் நகர்த்தினேன். பிளம்பருக்குக் கொடுத்தது 6,000. வீட்டுக்காரம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

பேனலைத் தெற்கே பார்த்து 10 முதல் 13 டிகிரிக்குள் சாய்த்தால் போதும். தெற்கு கிடைக்காவிட்டால் கிழக்கோ மேற்கோ கூடப் பரவாயில்லை, இந்தச் சாய்வில் நட்டம் சொற்பம். 540 வாட் பேனல் ஒன்று கிட்டத்தட்ட ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ பக்கம். நாலு பேனலுக்கு, சுற்றிலும் ஆள் நடக்க வழி விட்டு, 160 சதுர அடி ஒதுக்குங்கள்.

மே மாதம்தான் அள்ளிக் கொட்டும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கிற வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் சோதித்தது. வெளியே 41 டிகிரி காய்கிற மத்தியானம் கண்ணாடிக்குள் 65 வரை ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் வாக்கில் குறையும். 40 டிகிரி கூடினால் 14 சதவீதம் காணாமல் போகும். மாசி, பங்குனியில், வானம் துடைத்துவிட்டது போலவும் காற்று இதமாகவும் இருக்கிற நாளில்தான் என் ஆப்பில் வருஷத்தின் உயரமான கோடுகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3 கிலோவாட் வைத்திருப்பவருக்கே நாள் முழுக்க 3, 4 யூனிட் வந்தால் பெரிது. அந்த இரண்டு மாத பில்லைப் பார்த்துவிட்டு மெஷின் கெட்டுப்போச்சு என்று போன் போடுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. பேனலுக்கும் தரைக்கும் நடுவில் காற்று போக ஒரு அடியாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். கீழ் வீட்டு அறையில் சூடு குறைவது கூடுதல் லாபம்.

கூரை எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. கான்கிரீட் தளமானால் துளை போடாமல் சிமெண்ட் பீடம் கட்டி அதில் போல்ட்டைப் பதிப்பதே நல்லது. மாடித் தரையில் பதித்த தட்டோடுகளைக் குடைந்துவிட்டு மழைக்காலத்தில் ஒழுகுகிறது என்று அழக்கூடாது. குடியாத்தம் பஜார் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் நிறைய இருக்கிறது. அப்படியானால் பீடத்தின் எடையைத் தளத்தின் நடுவில் இறக்காதீர்கள், சுவரின் மேல் இறக்குங்கள். முதலில் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கடலுக்குத் தூரம் என்று காற்றை லேசாக நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறிய ராத்திரி, பேனல் பிடிப்புக் கிளாம்ப்பை நினைத்து நான் தூங்கவில்லை. வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு நாலு மழையில் துருவேறும். துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. சட்டம்தான் வேண்டும்.

எர்த் விஷயத்தில் மட்டும் யாரிடமும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். ஆற்காடு பக்கம் ஒரு வீட்டில் மாடிச் சட்டத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று கூப்பிட்டார்கள். பச்சை வயர் அழகாக, கிளிப் அடித்து, சுவரோடு இறங்கி வந்தது. பூச்செடித் தொட்டி ஒன்று அதன் கால்மாட்டில் இருந்தது. தொட்டியை நகர்த்தினேன். வயர் மண்ணுக்கு மேலே நாலு விரற்கடையில் முடிந்து, ஒரு ஆணியில் சுற்றியிருந்தது. குழி இல்லை, ராடு இல்லை, கரி உப்பு இல்லை. போட்டவர் யார் என்று எனக்கு வேண்டாம். பணம் முழுக்க வாங்கிக்கொண்டு போயிருந்தார். மூன்று குழி வேண்டும்: பேனல் சட்டத்துக்கும் டி.சி. (பேனலிலிருந்து வருகிற நேர் மின்சாரம்) பக்கத்துக்கும் ஒன்று, ஏ.சி. (வீட்டுக்குப் போகிற மாறு மின்சாரம்) பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. குழி தோண்டும்போது நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஆறு பேனலைக் கோத்தால் பகலில் 300 வோல்ட் டி.சி. நிற்கும், மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் வெயில் இருக்கிற வரைக்கும் பேனலிலிருந்து வருகிற வயரில் அது இருக்கும். ஏ.சி. கரண்ட் உதறித் தள்ளும் என்பார்கள், டி.சி. தீப்பொறியோ பிடித்தால் அணையாமல் எரியும். கனெக்டரைப் பல்லால் கடித்து முறுக்குகிற பையன்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது விலையை விட மற்றதைப் படியுங்கள். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல்லுள்ள பேனல்தான் செல்லும், டி.சி.ஆர். பேனல் என்று பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும், சீரியல் நம்பரோடு சான்றும் வேண்டும். விலை ரொம்ப மலிவாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. பேனலுக்கு 25 வருஷ உழைப்பு உத்தரவாதம் என்பார்கள். உங்களைத் தொல்லை செய்யப் போவது இன்வெர்ட்டர்தான், அதன் வாரண்டி எத்தனை வருஷம், ரிப்பேருக்கு ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். திட்டத்தில் பதிந்த வெண்டர் ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதையும் எழுத்தில் வாங்குங்கள். மானியப் பணம் வெண்டருக்குப் போகாது, உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அது வருகிற வரை முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான். 'மானியத்தைக் கழிச்சிட்டு மிச்சம் குடுங்க' என்று ஒருவர் சொன்னால் யோசியுங்கள்.

மீட்டர் மாட்டின பிறகு வருகிற குழப்பம் ஒன்று. ஆப்பில் இந்த மாதம் 230 யூனிட் உற்பத்தி என்று காட்டும். நெட் மீட்டரில் ஏற்றுமதி 140 தான் இருக்கும். 90 யூனிட்டை ஈ.பி. தின்றுவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். பகலில் உங்கள் மிக்ஸி, மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் நேராகச் சோலாரிலிருந்தே குடித்துவிட்டன. மிச்சம்தான் மீட்டர் வழியாக வெளியே போனது. முதல் மாதம் தினமும் சாயங்காலம் இறக்குமதி, ஏற்றுமதி, உற்பத்தி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பிடிபட்டுவிடும்.

கழுவுவதற்கு நம் ஊர் போர் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படிந்து, தூசியை விட மோசமாக மறைக்கும். குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தோ, குழாயில் வருகிற நல்ல தண்ணீரிலோ, பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் மெல்லிய துணித் துடைப்பத்தால் துடையுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டக்கூடாது. மலையடிவாரமானால் குரங்கு வரும். பேனலின் மேல் உட்காருவதால் ஒன்றும் ஆகாது. வயரை இழுத்து விளையாடும், அதனால் வயர் முழுக்க பைப்புக்குள் போகட்டும்.

கடைசியாக உங்கள் தாத்தா பெயர். நீங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். விண்ணப்பத்தில் இருக்கிற பெயர், ஈ.பி. பில்லில் இருக்கிற பெயர், மானியம் வருகிற வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். தாத்தா கணக்குக்கு யாராலும் பணம் போட முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகள் எழுதிக் கொடுக்கிற சம்மதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். சித்தப்பா, அத்தை கையெழுத்து வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுக்குத்தான் நாள் பிடிக்கும், ஈ.பி. வேலைக்கு அல்ல. அப்படியே பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். தாத்தா காலத்து இணைப்பில் 1 கிலோவாட் என்று இருந்தால் அதையும் சேர்த்தே உயர்த்திக்கொள்ளுங்கள். ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம், மீட்டர் செலவு அன்றைய தேதிக்கு என்ன என்பதை ஈ.பி. உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆபீஸிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மாறி வருவதற்குள் மார்கழி வந்துவிட்டால் நல்லதாகப் போயிற்று. காலை ஒன்பது மணிக்கு ஒரு சாக்பீஸோடு மாடிக்குப் போய், டேங்கின் நிழலைச் சுற்றிக் கோடு போடுங்கள். நடுப்பகலில் ஒரு கோடு, மூன்றரை மணிக்கு ஒரு கோடு. எந்தக் கோட்டுக்குள்ளும் சிக்காத இடத்தை அளந்து, அடிக்கணக்கையும் கூரை என்ன கூரை என்பதையும் எழுதி அனுப்புங்கள். பேனலை எப்படி நிறுத்துவது என்று படம் போட்டுத் தருகிறேன்.